மூத்தம்மாவின் கடன் கொப்பிகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரவர்கள் நேரம் ஒதுக்கி வாசிக்க வேண்டுகிறோம்.

மருதமுனையின் வரலாறு என்று சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது தறியும் சாரமும்தான். அடுத்தது பள்ளிவாசல்கள், பாடசாலைகள், ஆலிம்கள், புலவர்கள். ஊரின் பழைய கதையைப் பேசும்போது வரும் பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களின் பெயர்கள். ஆனால், தறி ஓடிய வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டால் அந்தப் பெயர்களிடம் பதில் இருக்காது. நெய்கிறவருக்குக் கூலி கிடைக்கும் நாளுக்கும் வீட்டில் அரிசி தீரும் நாளுக்கும் இடையில் எப்போதும் நாலைந்து நாள் இருந்தது. அந்த நாலைந்து நாளையும் தாங்கிப் பிடித்தவை ஒழுங்கைகளுக்குள் இருந்த சின்னக் கடைகள். அவற்றில் சிலவற்றைப் பெண்களே நடத்தினார்கள்.

அப்படி ஒரு கடையை ஏறக்குறைய ஐம்பது வருடம் நடத்திய எங்கள் மூத்தம்மா 2023இல் மௌத்தானார். அவர் வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டிக்குள் ஏழு கொப்பிகள் இருந்தன. எல்லாம் கடன் கொப்பிகள். அவற்றை வைத்து ஊரின் ஒரு பகுதிக் கதையைச் சொல்லலாம் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அவருடைய வயது. அடையாள அட்டையில் 1934 என்று இருந்தது. 1972இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது நம் ஊர்களில் பலருக்குப் பிறந்த திகதி இப்படி ஒரு மதிப்பில் போட்டதுதான். மூத்தம்மா தன் வயதை வேறு விதமாகச் சொல்வார். "சப்பான்காரன் குண்டு போட்ட வருசம் நான் குர்ஆன் ஓதி முடிச்சிட்டன்." கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரலில். பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடிப்பது ஏறக்குறைய பத்து வயதில் என்று வைத்தால், அவர் பிறந்தது 1932 அளவில். 57 வெள்ளத்தில் இரண்டாவது பிள்ளை மடியில் இருந்தது என்றும் சொல்வார். அந்தக் கணக்கும் பொருந்துகிறது. பிறந்தபோது நாம் மட்டக்களப்பு மாவட்டம். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்ததும் அம்பாறை மாவட்டம் ஆனோம். அவர் இருந்த வளவு மட்டும் மாறவில்லை.

1942 நம் சாப்பாட்டு வரலாற்றிலும் முக்கியமான வருடம். அந்த மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றதும் அரசாங்கம் அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. கூப்பன், சங்கக்கடை, வரிசை எல்லாம் நம் வாழ்க்கைக்குள் வந்தது அப்படித்தான். மூத்தம்மாவின் முதல் கடை ஞாபகம் சங்கக்கடை வரிசைதான். 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். மூத்தம்மாவுக்கு அரசியல் தெரியாது. "எழுவது சதம்" என்ற சொல் மட்டும் கடைசிவரை அவருக்கு மறக்கவில்லை. விலை ஏறும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார்.

கடை தொடங்கியது 1964 அளவில். மூத்த வாப்பா நெசவாளி. இளம் வயதில் நோயில் மௌத்தானார். இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தபோது கையில் நாலு பிள்ளைகள், மூன்று பெண், ஒரு ஆண். வெளியே போய் வேலை செய்வது அந்தக் காலத்து நம் பெண்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் வீடு அவருடையது.

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே, நம் அயலில் உள்ள தமிழ் மக்களிடையேயும், வீடு பெண்ணுக்குத்தான் போகும். தாய்வழிக் குடி, பெண் வீட்டுக்கு வந்து குடியேறும் மாப்பிள்ளை, மகளுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடு, இவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய வழக்கம். அதனால் புருஷன் மௌத்தானபோது மூத்தம்மாவை யாரும் வீட்டைவிட்டு எழுப்ப முடியவில்லை. முன் திண்ணையில் ஒரு பலகையைப் போட்டார். கிடுகால் ஒரு தட்டி கட்டினார். ஒரு தராசு, நாலு படிக்கல், ரின்பால் பேணியில் செய்த சுண்டு. கடை ஆயிற்று. சொந்த வீட்டுத் திண்ணை இல்லாமல் இந்தக் கடை இல்லை.

அதே வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கொடுக்க வேண்டியிருந்தது. முன் வீடு மூத்த மகளுக்குப் போனது. மற்ற இரண்டும் அதே வளவுக்குள் கல்லாகக் கல்லாக எழும்பின. கடையின் இலாபம் எல்லாம் எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியதில்லை, அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. மூத்தம்மா கடைசியில் குசினியோடு ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். நம் வழக்கம் அவரைக் காப்பாற்றவும் செய்தது, முதுகை வளைக்கவும் செய்தது. இன்று ஒரு வீடு கட்ட ஆகும் செலவை நினைத்தால், பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் அதே சுமையோடுதான் நடக்கிறார்கள்.

கடைக்கு இரண்டு வாசல். தெருப் பக்கம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். வளவுப் பக்கம் பெண்களுக்கு. பெண்கள் வேலிக் கடப்பால் வந்து, வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்து, பேசிவிட்டுச் சாமான் வாங்கிப் போவார்கள். தேங்காய், கருவாடு, மாசி, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய், வெற்றிலை, பாக்கு, சவர்க்காரம். அரைப் போத்தல், கால் போத்தல், ஒரு சுண்டு என்று எந்த அளவிலும் கிடைக்கும். மொத்தமாக வாங்க முடியாதவர்களுக்காகத்தான் இப்படிப்பட்ட கடைகள்.

கூப்பன் காலத்தில் அரிசியும் சீனியும் சங்கக்கடையில் கிடைக்கும். ஆனால் அந்த வாரப் பங்கை எடுக்கவும் கையில் காசு வேண்டும். காசு இல்லாதவர்கள் சிலர் கூப்பன் கொப்பியையே ஈடு வைத்தார்கள். இது நாட்டின் பல இடங்களிலும் நடந்தது. மூத்தம்மாவிடமும் கொண்டு வந்தார்கள். "சோத்தையா ஈடு வாங்குற? கொப்பிய வீட்ட கொண்டு போ" என்று சொல்லிக் காசைக் கொடுத்து அனுப்புவார். அவர் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்தவர் என்று சொல்ல வரவில்லை. பாடசாலைப் பையன்கள் பீடி கேட்டால் வாப்பாவின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். கடன் வாங்கிவிட்டு வேறு கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குபவரைக் கண்டால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்.

இனிக் கொப்பிகளுக்கு வருவோம். மூத்தம்மா பாடசாலைக்குப் போனதில்லை. இலவசக் கல்வி வந்தது 1945இல். அப்போது அவர் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் இருந்தார். எனவே அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் எழுதத் தெரியும். கொப்பிகள் முழுவதும் அரபுத் தமிழ்.

அரபுத் தமிழ் என்றால் என்ன என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழி தமிழ், எழுத்து அரபு. வலமிருந்து இடம். அரபியில் இல்லாத ப, ச, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் இதைப் பயன்படுத்தினார்கள். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த, இலங்கைக்கும் பலமுறை வந்து போன மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் மார்க்க நூல்களை இந்த எழுத்தில் எழுதினார்கள். குர்ஆன் ஓதப் பழகிய ஒரு பெண்பிள்ளைக்கு இன்னும் சில எழுத்துகள் தெரிந்தால் போதும், தாய்மொழியை வாசிக்கலாம், எழுதலாம். பாடசாலைக்குப் போகாத நம் மூத்தம்மாமாரை 'எழுத்தறிவில்லாதவர்கள்' என்று கணக்கெடுப்பில் போட்டார்கள். எங்கள் மூத்தம்மா ஐம்பது வருடம் ஒரு கடையின் கணக்கை எழுதி வைத்தவர்.

இந்தக் கொப்பிகளை எங்கள் குடும்பத்தில் யாராலும் தனியாக வாசிக்க முடியாது. எங்களுக்கு அரபு எழுத்துத் தெரியும், தமிழ் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிகள் தெரியாது. ஊரில் வயதான ஒரு ராத்தாவையும் ஒரு மௌலவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக வாசித்தோம். மூன்று மாதத்தில் இரண்டு கொப்பிதான் முடிந்தது.

கிடைத்த கொப்பிகளில் பழையது 1979. அதற்கு முந்தியவை சூறாவளியோடு போய்விட்டன. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து நம் பக்கம்வரை தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. கிடுகு வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. கடையின் தட்டியும் கூரையும் பறந்தன. எனவே எழுபதுகளின் கதை எங்களுக்கு மூத்தம்மாவின் வாயிலிருந்து கிடைத்ததுதான். பாணுக்கு விடியற்காலையில் வரிசை. மரவள்ளிக் கிழங்கும் குரக்கனும் சோற்றுக்குப் பதில். இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டுபோனால் வழியில் பறித்தெடுப்பார்கள். 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதாக்கியபோது மூத்தம்மாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் சில்லறை.

ஆனால் அதே பஞ்ச காலம்தான் நம் தறிகளுக்கு நல்ல காலம். வெளிநாட்டுத் துணி வராததால் கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் நாடு முழுவதும் கிராக்கி. நெய்கிறவருக்கு வேலை, நூல் சுற்றும் பெண்களுக்கு வேலை, கடைக்கு வியாபாரம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இது தலைகீழானது. கடைகளில் சாமான் நிறைந்தது. இறக்குமதித் துணியும் வந்தது, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. 1979இல் கூப்பனுக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. அந்த வருடக் கொப்பியில் இதெல்லாம் தெரிகிறது. கடன் கூடுகிறது, வாங்கும் அளவு குறைகிறது. முன்பு ஒரு கொத்து வாங்கியவர் இரண்டு சுண்டு வாங்குகிறார். எண்பதுகளின் நடுவில் சில கணக்குகள் ஒரேயடியாக முடிகின்றன. பக்கத்தில் ஒரு சொல், "சவூதி". யாரோ ஒருவர் வெளிநாடு போய் அனுப்பிய காசில் பழைய கடன் தீர்ந்திருக்கிறது.

கடன்காரரின் சொந்தப் பெயர் எங்கும் இல்லை. "கிணத்தடி ராத்தா", "ரெண்டு தறி வீடு", "புளியடித் தங்கச்சி", இப்படித்தான். கொப்பி யார் கைக்குப் போனாலும் யாருடைய மானமும் போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். கடன் கேட்டு வரும் பிள்ளையிடம் பழைய பாக்கியைச் சத்தமாகச் சொன்னதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அதற்கு இரண்டு வசனம் முன்னால், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. மூத்தம்மா பெரிய மார்க்க விளக்கம் படித்தவர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே செய்தார். எழுதினார், தவணையும் கொடுத்தார். வருடம் ஒருமுறை ரமழானில் கடைச் சாமானை எண்ணி விலை போட்டு, நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் ஒதுக்குவார். அந்தக் கணக்கும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

"நீலாவணைத் தங்கச்சி" என்று ஒரு கணக்கு 1980களின் கொப்பிகளில் விடாமல் வருகிறது. ஊருக்கு வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, இரண்டு பக்கமும் தமிழ்க் கிராமங்கள். அந்த அம்மா மரக்கறியும் கீரையும் கொண்டு வருவார். இங்கே தேங்காயும் மண்ணெண்ணெயும் கடனாக வாங்கிப் போவார். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நாம் மேடையில் சொல்வது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். 1985 கலவரத்தில் அந்தக் கணக்கு மூன்று மாதம் நின்று, பிறகு மீண்டும் தொடங்குகிறது. 1990 ஜூனோடு நின்றுவிடுகிறது.

அந்த வருடம் நம் யாருக்கும் மறக்காது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள். நம் அயல் தமிழ்க் கிராமங்களிலும் அந்த வருடம் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமலாக்கப்பட்டார்கள். அந்த மாதங்களின் பக்கங்களில் மெழுகுதிரி, மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி, இவைதான் திரும்பத் திரும்ப. நீலாவணைத் தங்கச்சியின் பக்கத்தை மூத்தம்மா வெட்டவில்லை. அடுத்த கொப்பி தொடங்கும்போது அந்தப் பாக்கியை அதற்கு மாற்றி எழுதினார். அதற்கு அடுத்ததிலும் எழுதினார். 'இனி வரவே மாட்டாங்க, ஏன் எழுதுறீங்க' என்று வீட்டில் கேட்டதற்கு, "வந்தா என்ன சொல்ற?" என்றார்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். தன் தாய் சாவதற்கு முன் இந்தக் கடைப் பாக்கியைச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். மூத்தம்மா கொப்பியைத் திறந்து தொகையைச் சொன்னார். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய தொகை. அன்றைய விலைவாசியில் அதற்கு இரண்டு தேங்காய் வாங்குவதே கஷ்டம். நாங்கள், இதைப் போய் வாங்குவதா என்று கேட்டோம். "வாங்காட்டி அந்தப் பொம்புள கடனோட போய்ச் சேந்ததாப் போயிடும். புள்ள அதுக்குத்தானே வந்த" என்றார். காசை வாங்கினார், கோடு போட்டார். பிறகு அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒரு பை நிறையச் சாமான் கட்டிக் கொடுத்தார். அந்தச் சாமானைக் கொப்பியில் எழுதவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கும் பக்கம் இல்லை. எங்கள் வளவு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் கடல் அங்கே வரவில்லை. கரைப் பக்கத்தில் நம் ஊர் நூற்றுக்கணக்கானவர்களை இழந்தது. அன்று கடையின் இரண்டு வாசலும் திறந்தே இருந்தன. அரிசி, சீனி, சாரம், துவாய், யார் எதை எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகுதான் மூத்தம்மா கொப்பியை எடுத்தார். கரையோரத்துக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஷஹீதானவர்களின் பக்கங்களில் "ஹலால்" என்று எழுதினார். கடனை ஹலாலாக்கிவிட்டேன் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க எங்களுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. பதினேழு பக்கங்களில் இருக்கிறது.

2014 அளவில் கண் மங்கியது. கடை நின்றது. பக்கத்திலேயே பெரிய கடைகள் வந்துவிட்டன. 2022இல் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றுவிட்டு நாங்கள் புலம்பியபோது, தொண்ணூறு வயதில் கட்டிலில் இருந்து ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒழுங்கைக்குள்ள கடன் குடுக்கிற கடை இருக்கா?" நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ஒன்று இருந்தது. அதையும் ஒரு விதவைப் பெண்தான் நடத்துகிறார்.

இப்போது ஊரவர்களிடம் சொல்ல விரும்புவது இவைதான்.

ஒன்று, இந்தக் கொப்பிகளை அப்படியே படம் எடுத்து இங்கே போடச் சொல்லிச் சில நண்பர்கள் கேட்டார்கள். போட மாட்டோம். ஊரில் இருப்பவர்களுக்குக் 'கிணத்தடி ராத்தா' யார் என்று தெரியும். மூத்தம்மா ஐம்பது வருடம் காத்த அமானத்தை ஒரு நாளில் நாங்கள் உடைக்க முடியாது. என்ன வாங்கினார்கள், எந்த அளவில், எந்த விலையில், எந்த மாதத்தில் கடன் கூடியது என்பதை மட்டும் தனியே எழுதி, நம் பாடசாலை நூலகத்தில் வைக்க இருக்கிறோம். வரலாற்றுக்கு அது போதும்.

இரண்டு, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படிக் கொப்பிகள் இருக்கலாம். அரபு எழுத்தில் இருப்பதால் ஏதோ துஆக் கிதாபு என்று எண்ணி எடுத்து வைத்திருப்பீர்கள். ஒருமுறை திறந்து பாருங்கள். அது கணக்காக, கடிதமாக, மருந்துக் குறிப்பாக இருக்கலாம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இப்போது விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். எல்லோரும் எண்பது கடந்தவர்கள். அவர்களிடம் மாணவர்கள் கற்றுக்கொள்ள, வெள்ளி பின்னேரங்களில் ஒரு சிறு வகுப்புத் தொடங்குகிறோம். உயர்தர மாணவிகள் ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள்.

மூன்று, பிள்ளைகளே, உங்கள் மூத்தம்மாவிடம் போய் உட்காருங்கள். எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்காதீர்கள், அது தெரியாது என்பார்கள். சூறாவளியின்போது எத்தனை பிள்ளை, கூப்பனில் என்ன கிடைத்தது, முதன்முதலில் சொந்தமாகக் காசு உழைத்தது எப்போது என்று கேளுங்கள். பதில் வரும். அதை எழுதி வையுங்கள்.

கதீஜா நாயகி வியாபாரம் செய்தார் என்று ஒவ்வொரு மீலாத் மேடையிலும் பேசுகிறோம். நம் ஒழுங்கைகளுக்குள் வியாபாரம் செய்து ஊரைத் தாங்கிய பெண்களையும் பேசுவோம்.

எங்கள் மூத்தம்மாவுக்காகவும், அவருடைய கொப்பியில் உள்ள அத்தனை பேருக்காகவும் துஆச் செய்யுங்கள். அவரிடம் யாருக்காவது பாக்கி இருந்தால் எங்களிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கடைசியாகச் சொன்ன வஸிய்யத் அது.